புறக்கடைக் கோழிகள் மீண்டும் முட்டையிட: எல்லைக் கிராமங்களில் தீவனச் சிக்கல்

(வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் படித்தவனைக் கோழித் தீவனம் பற்றிப் பேச அழைத்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கால்நடை மருத்துவர்கள் என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய பொருள் இது. ஆயினும், கோழி முட்டையிடாமற்போவதில் மருத்துவத்துக்கு எவ்வளவு பங்குண்டோ அதே அளவு பங்கு கணக்குக்கும் உண்டு என்பது என் கருத்து. அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் பகுதி கேரளத்தின் தென்கோடி. 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்பின்போது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அன்று விழுந்த கோடு பாறசாலை, காரோடு, குளத்தூர், குன்னத்துக்கால், வெள்ளறடை ஆகிய ஊராட்சிகளின் ஓரமாகவும் சில இடங்களில் வீட்டுப் புரையிடங்களை ஒட்டியும் செல்கிறது. இப்பக்கம் பாறசாலை, அப்பக்கம் களியக்காவிளை. இரு பக்கமும் ஒரே செம்மண், ஒரே தென்னை, ஒரே மரச்சீனி, ஒரே வகை நாட்டுக்கோழி. தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. கோழிக்கு ஆட்சி எல்லை தெரியாது. ஆனால் அதற்குத் தடுப்பூசி போடும் முகாம் எந்த நாளில் வருகிறது என்பதை ஆட்சி எல்லைதான் தீர்மானிக்கிறது. இதைப் பிறகு தொடுகிறேன்.

இக்கிராமங்களில் எந்த வீட்டுப் பெண்மணியைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே குறை வருகிறது: முன்பெல்லாம் கோழி தானாக மேய்ந்தது, தானாக முட்டையிட்டது, இப்போது மேய்கிறது, முட்டைதான் இல்லை. இதற்கு விதையில் குறை என்பார் சிலர், நோய் என்பார் சிலர், கண்திருஷ்டி என்பாரும் உண்டு. விதையிலும் நோயிலும் உண்மை ஓரளவு இருக்கிறது. ஆயினும் அதே கோழி, அதே கூடு, அதே வீடு என்றிருக்க, மாறிப்போனது எது என்று பார்த்தால் கோழியின் சாப்பாடுதான் முதலில் கண்ணில் படுகிறது.

கோழி ‘தானாக மேய்ந்தது’ என்று சொல்கிறோமே, அது எதை மேய்ந்தது? இலங்கையில் குணரத்ன முதலிய ஆய்வாளர்கள் கிராமக் கோழிகளின் தீனிப்பையைத் திறந்து பார்த்து 1993இல் வெளியிட்ட முடிவு இங்கு நினைவுகூரத்தக்கது. தீனிப்பையில் இருந்ததில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவானது வீட்டுச் சமையல் எச்சம். எஞ்சியதில் புல் நுனி, பூச்சி புழு, சிந்திய நெல் ஆகியவை சிறு சிறு பங்கு. அதாவது புறக்கடைக் கோழி காட்டு விலங்கு அன்று. அது நம் அடுக்களையின் நீட்சி. அடுக்களை மாறினால் கோழியின் உணவும் மாறும்.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் அடுக்களை பெரிதும் மாறிவிட்டது. கேரளம் முழுவதிலும் 1974-75இல் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் பரப்பு, இப்போது 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வயல் போனதும் களம் போயிற்று. களம் போனதும் சிந்திய மணி போயிற்று. நெல்லை வீட்டில் அவித்து, குத்தி, புடைத்த காலத்தில் தவிடும் குருணையும் முறத்திலிருந்து நேரே கோழிக்குச் சென்றன. இன்று அரிசி மூட்டையாக வருகிறது. அதன் தவிடு எங்கோ ஓர் ஆலையில் எண்ணெயாகிவிடுகிறது. மாடு வைத்திருந்த வீட்டில் சாணக்குழி இருந்தது. சாணக்குழியில் புழுவும் செரிக்காத தானியமும் இருந்தன. மாடு குறைந்தபோது அந்தக் குழியும் தூர்ந்தது. வயலுக்குப் பதில் வாழை வந்தது, மேட்டில் ரப்பர் வந்தது, பாதையோரத்தில் மதிற்சுவர் வந்தது. பத்து சென்ட் நிலத்தில் வீடும் கிணறும் போக எஞ்சிய இடத்தில் ஐந்து கோழி சீய்க்கின்றன.

எஞ்சி நிற்பது மரச்சீனி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஊக்குவித்துப் பரப்பிய பயிர் அது. 1942இல் பர்மா அரிசி நின்றபோது எத்தனையோ குடும்பங்களைக் காத்தது. 1970களின் நடுவில் கேரளத்தில் 3 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பயிரான இந்தக் கிழங்கின் பரப்பும் இப்போது 1 லட்சம் ஹெக்டேருக்குக் கீழே வந்துவிட்டது. ஆயினும் இவ்வட்டத்துப் புறக்கடைகளில் கோழிக்குக் கிடைப்பதில் இன்னும் பெரும் பங்கு மரச்சீனித் தோலும் வேகவைத்த கிழங்கின் மிச்சமும், சோற்றுப் பருக்கையும், தேங்காய்த் துருவலின் சக்கையுமே. வயிறு நிறைகிறது, உடல் சூடும் கிடைக்கிறது. ஆனால் உலர்ந்த மரச்சீனியில் புரதம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். முட்டைக்கு வேண்டிய சரக்கு அதில் இல்லை.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மரச்சீனியில், அதிலும் தோலில், சயனைடை வெளிப்படுத்தும் பொருள் இருக்கிறது. உலர்த்தினாலும் வேகவைத்தாலும் பெரும்பகுதி போய்விடும், சிறிது தங்கும். அந்தச் சிறிதைச் செயலற்றதாக்கக் கோழியின் உடல் கந்தகத்தைச் செலவிடுகிறது. கந்தகம் அதற்குக் கிடைப்பது மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களிலிருந்து. முட்டைக்கு மிகவும் தேவையான, ஆனால் தாவரப் புரதங்களில் குறைவாக உள்ள பொருளும் அதே மெத்தியோனின்தான். எனவே மரச்சீனியை நம்பியிருக்கும் கோழிக்கு இரண்டு பக்கமும் இழப்பு: வரவும் குறைவு, செலவும் கூடுதல். மீன்தூள் ஒரு சிட்டிகை சேர்த்தாலே இக்கோழிகளிடம் மாறுதல் தெரிவதற்கு இது முக்கியமான காரணம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கிவரும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இவ்வட்டத்துக்கு வெகு அருகில்தான் இருக்கிறது. மரச்சீனியைத் தீவனமாக்கும் முறைகள் பற்றிய விவரம் வேண்டுவோர் அங்குச் செல்லலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1.3 கிலோ எடையுள்ள ஒரு நாட்டுக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உயிரோடு நடமாடுவதற்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் புரதம் செலவாகிறது. அதன் முட்டை 40 கிராம். அதில் 4.5 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. உண்ணும் புரதத்தில் பாதிதான் முட்டையாக மாறும் என்று வைத்தால், முட்டைக்கு மட்டும் 9 கிராம். ஆக முட்டையிடும் நாளில் தேவை 12 கிராம். மேய்ந்து கிடைக்கும் 60 கிராம் தீனியில் சராசரி நூற்றுக்கு 8 பங்கு புரதம் இருப்பதாகத் தாராளமாகக் கொண்டாலும் வரவு 5 கிராம்கூட இல்லை. பற்றாக்குறை 7 கிராம். ஒன்றுவிட்டு ஒருநாள் முட்டையிடும் கோழிக்குச் சராசரியில் இது ஏறத்தாழ 3 கிராம் ஆகும். தினமும் இடும் கோழிக்கு முழு 7 கிராமும் வேண்டும்.

இந்த எண்கள் தோராயமானவை. ஆனால் அவை காட்டும் வடிவம் தோராயமானது அன்று. கோழி முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதற்கு மேல் மிஞ்சியதைத்தான் முட்டையாக்குகிறது. உயிர் தாங்குவதற்கு மட்டும் போதுமான தீனி பெறும் கோழி, வீட்டுக்காரருக்குச் செலவும் வைப்பதில்லை, வரவும் தருவதில்லை. அதனால்தான் அந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்க முடிகிறது. நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் யாராவது ஏதாவது செய்திருப்பார்கள். மாணவர்கள் விளிம்புநிலை விளைவு என்று பாடத்தில் படிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. முதல் 60 கிராம் தீனி ஒரு முட்டையும் தருவதில்லை. கடைசி 20, 30 கிராம்தான் எல்லா முட்டையையும் தருகிறது.

அந்த 30 கிராமை எதைக் கொண்டு நிரப்புவது? இவ்வட்டத்தில் இரண்டு பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒன்று தேங்காய்ப் பிண்ணாக்கு. அதில் புரதம் நூற்றுக்கு 20 பங்கு. நார் மிகுதி, லைசினும் மெத்தியோனினும் குறைவு. எனவே தனியாகப் போதாது. மற்றொன்று மீன். பூவாறும் பொழியூரும் இந்த வட்டத்தின் கடற்கரைகள். பொழியூருக்கு அடுத்த நீரோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. வெயிலில் காய்ந்த நெத்தோலியின் உடைசலும் விலைபோகாத பொடிமீனும் இக்கரைகளில் கிடைக்கும். உலர்ந்த மீன்தூளில் புரதம் ஏறத்தாழப் பாதி. நாளொன்றுக்கு 8 கிராம் மீன்தூளில் 4 கிராம் புரதமும், 20 கிராம் பிண்ணாக்கில் 4 கிராமும் வந்துவிடுகின்றன. பற்றாக்குறை தீர்ந்து சிறிது மிஞ்சவும் செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மீன் என்றவுடன் கருவாட்டை எடுத்துப் போட்டுவிடக் கூடாது. உப்புக் கருவாடு கோழிக்கு நஞ்சாகவே முடியும்; தீவனத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு உப்பே போதுமானது. உப்பிடாமல் மணல் படாமல் காய்ந்த மீன் வேண்டும். அடுக்களையில் கழித்த மீன் தலையும் குடலும் என்றால் வேகவைத்துக் கொடுக்கவேண்டும். அளவு மீறினால் முட்டையில் வாடை வரும். பிறகு வாங்குபவர் வரமாட்டார். பிண்ணாக்குக்கு வேறொரு ஆபத்து. இப்பகுதிக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் மற்றொரு மழை என இரு பருவங்களும் உண்டு. ஈரம் ஏறிய பிண்ணாக்கில் பூஞ்சை படர்ந்து அஃப்லடாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. அதைத் தின்ற கோழியின் கல்லீரல் கெட்டு, இருந்த முட்டையும் நின்றுபோகும். பச்சை நிறமோ பூசண வாடையோ கண்ட பிண்ணாக்கைக் ‘கோழிக்குத்தானே’ என்று போடும் வழக்கத்தை அலுவலர்கள் விடாது எடுத்துச்சொல்ல வேண்டும்.

புரதத்துக்கு அடுத்தது சுண்ணாம்புச் சத்து. நாட்டு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் கால்சியம் உண்டு. உண்பதில் பாதிதான் உடலில் சேர்வதால், இடும் நாளில் 3 கிராம் கால்சியம் தேவை. மரச்சீனியிலும் சோற்றிலும் அது பெயரளவுக்குத்தான். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. குடலில் கால்சியம் இல்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துப் போடும். சில முட்டைகள் தோல்முட்டையாக வரும். பிறகு முட்டையிடுவதே நின்றுவிடும். இது கோழியின் சோம்பல் அன்று, தற்காப்பு. இதற்குப் பரிகாரம் 7, 8 கிராம் கிளிஞ்சல் நொறுக்கு. இதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இதே கரையில் விழிஞ்ஞம், பாறைச் சிப்பிக்குப் பேர்போன இடம். சதையை எடுத்தபின் ஓடு குவியலாகக் கிடக்கும். கழுவி, காயவைத்து, அரிசிக் குருணை அளவுக்கு உடைத்து, தனிச் சிரட்டையில் வைத்துவிட்டால் போதும். வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும். சேவல் அதைத் தொடாது. வீட்டில் உடைத்த முட்டை ஓட்டையும் வறுத்து நொறுக்கிப் போடலாம். முழு ஓடாகப் போட்டால் கோழி முட்டையைக் குத்தித் தின்னப் பழகிவிடும். சுவருக்கு அடிக்கும் நீற்றிய சுண்ணாம்பைக் கோழிக்கு வைப்பவரும் இருக்கிறார்கள். அது வாயையும் தீனிப்பையையும் பொத்துவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடு நீங்கலாக முட்டையின் நான்கில் மூன்று பங்கு நீர். ஏப்ரல், மே மாதங்களில் முற்றத்துச் சட்டி காய்ந்து கிடந்தால் மீன்தூளும் பிண்ணாக்கும் பயன் தராது.

பச்சிலைகளைப் பற்றி நம் துறைகளில் உற்சாகம் சற்று மிகுதி. அசோலாவை ஒரு காலத்தில் அற்புதம்போல் விளம்பரப்படுத்தினோம். உலர்ந்த அசோலாவில் புரதம் நூற்றுக்கு 25 பங்கு என்பது மெய்யே. ஆனால் பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93 பங்குக்குக் குறையாமல் நீர். 100 கிராம் அள்ளிப் போட்டால் கோழிக்குச் சேர்வது ஒன்றரை கிராம் புரதத்துக்குச் சற்று மேல். அதையும் முழுவதும் அது தின்றால்தான். முருங்கை, அகத்தி, பப்பாளி இலைகள் வைட்டமின் ‘ஏ’ தருகின்றன, கருவை மஞ்சளாக்குகின்றன. அதற்காக அவை வேண்டும். புரதத்துக்கு அவற்றை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

வெளிச்சத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 14 மணி முதல் 16 மணி நேரம் ஒளி வேண்டும் என்று பண்ணைப் புத்தகங்கள் கூறும். அவை குளிர்நாட்டு அனுபவத்தில் எழுந்தவை. அங்குக் குளிர்காலத்தில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும். கோழியும் முட்டையை நிறுத்தும். பாறசாலை நிலநடுக்கோட்டிலிருந்து எட்டேகால், எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. விளக்குக்குச் செலவிடும் பணத்தை மீனுக்குச் செலவிடலாம்.

சத்து கொடுத்தவுடன் நாட்டுக்கோழி பண்ணைக்கோழியாகிவிடாது. நாட்டுக்கோழியின் காலச் சக்கரத்தைப் பாருங்கள். 20 நாளில் 12 முட்டை இடுகிறது; 21 நாள் அடைகாக்கிறது; அந்நாட்களில் சரியாகத் தின்னாமல் மெலிகிறது; பின்பு 90 நாள் குஞ்சுகளோடு அலைகிறது. மொத்தம் 131 நாள். ஆண்டுக்கு மூன்று சுற்றுக்கும் குறைவு. 35 முட்டைக்கு மேல் இல்லை. இதில் தீனி எங்கே உதவுகிறது? ஒன்று, ஒரு சுற்றில் இடும் முட்டை கூடுகிறது. இரண்டு, அடைகாத்து மெலிந்த கோழி விரைவில் தேறுகிறது. இவற்றோடு குஞ்சுகளை மூன்று நான்கு வாரத்தில் பிரித்துத் தனிக் கூண்டில் தீனி வைத்து வளர்த்தால் சுற்று 85 அல்லது 90 நாளாகச் சுருங்கும். சுற்றுக்கு 16 முட்டை என்றால் ஆண்டுக்கு 65 முட்டையை எட்டலாம். அதே கோழி, ஏறக்குறைய இரு மடங்கு முட்டை. 300 முட்டை வேண்டுவோர் கூண்டுக்கோழியைத்தான் நாடவேண்டும். அது வேறு தொழில்.

இந்தக் கூடுதல் தீனி கட்டுபடியாகுமா? விலைகள் மாதந்தோறும் மாறுவதால் ரூபாயில் சொல்லாமல் முட்டையிலேயே சொல்கிறேன். ஒரு வீட்டில் ஐந்து கோழி. ஒரு நேரத்தில் முட்டைக்குத் தயாராக இருப்பவை இரண்டு. இரண்டுக்கும் மாதத்துக்கு அரைக் கிலோ மீன்தூளும் 1.2 கிலோ பிண்ணாக்கும் ஆகும். எல்லாவற்றையும் கடையில் வாங்கினால் ஏழெட்டு நாட்டு முட்டைகளின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். அதாவது கோழி ஒன்றுக்கு மாதம் நான்கு முட்டை கூடினால்தான் முதல் திரும்பும். அடைகாக்கும் கோழிக்கும் சேவலுக்கும் கிழட்டுக் கோழிக்கும் ஒரே தட்டில் அள்ளி வைத்தால் கட்டுபடியாகவே ஆகாது. ஆகவே யாருக்குத் தீனி என்பதைத் தெரிந்து போடவேண்டும். கொண்டை சிவந்து, இடுப்பெலும்புகளின் இடையில் இரண்டு மூன்று விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருக்கும் கோழி முட்டைக்குத் தயாரானது. அடைகாத்து எழுந்து தேறி வரும் கோழி அதற்கு அடுத்தது. அவற்றைக் காலையில் கூட்டிலேயே நிறுத்தித் தீனி வைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றைத் திறந்துவிடலாம். இது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் கடினமானதன்று. யாரும் இதுவரை சொல்லவில்லை என்பதே குறை.

தீனிக்கு முன் குடற்புழு நீக்கம். நாடாப்புழுவும் உருண்டைப்புழுவும் நிறைந்த குடலுக்கு மீன்தூள் போடுவது புழுவை வளர்ப்பதாகும். ராணிக்கெட் கழிச்சலுக்கு 6 முதல் 8 வார வயதில் போடும் ஆர்-2-பி தடுப்பூசி எல்லாக் கோழிக்கும் அவசியம். முன்பு சொன்ன எல்லைச் சிக்கல் இங்கேதான் வருகிறது. களியக்காவிளைப் பக்கம் முகாம் ஒரு மாதம், பாறசாலைப் பக்கம் மற்றொரு மாதம் என்றிருந்தால் நோய் இரு பக்கமும் மாறி மாறித் தங்கிக்கொள்ளும். இரு மாநிலக் கால்நடைத் துறைகளும் எல்லை ஊராட்சிகளில் மட்டுமாவது ஒரே வாரத்தில் முகாம் நடத்தினால் கூடுதல் செலவு ஏதும் இல்லை. ஒரு கடிதப் போக்குவரத்துதான்.

இனி நம் திட்டங்களைப் பற்றி. புறக்கடைக் கோழி வளர்ப்பு புதிய கருத்தன்று. 1960களில் ஐக்கிய நாட்டு அமைப்புகளின் உதவியோடு நடந்த பயன்முறை ஊட்டச்சத்துத் திட்டத்திலேயே பள்ளித் தோட்டத்தோடு கோழியும் இருந்தது. பின்னர் ஊரகப் புறக்கடைக் கோழி வளர்ச்சித் திட்டத்தின்கீழ் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு 45 குஞ்சுகள் தவணைகளில் வழங்கப்பட்டன. ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தின் வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் அவ்வழியே ஊர்களுக்குச் சென்றன. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபின் ஊராட்சிகளே தம் திட்ட நிதியில் கோழிகளை வாங்கி வழங்குகின்றன. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் இலக்கு எப்போதும் பறவைகளின் எண்ணிக்கையாகவே இருந்துவந்தது. நான் சென்ற ஓர் அலுவலகத்தில், வழங்கிய குஞ்சுகளின் பேரேடு பயனாளியின் கையொப்பத்தோடு பழுதின்றி இருந்தது. முட்டை எத்தனை என்று கேட்டேன். அதற்குப் பத்தி இல்லை என்றார்கள்.

பொருளாதார நோக்கில் இது வெறும் பதிவுக்குறை அன்று. ஒரு கிராமத்தின் அடுக்களை எச்சமும் புழு பூச்சியும் ஓர் அளவுக்கு உட்பட்டவை; பொதுமேய்ச்சல் நிலம் போன்றவை. அந்த அளவு 200 கோழியை முட்டையிடும் நிலையில் தாங்குமானால், மேலும் 200 கோழியைக் கொடுப்பதால் முட்டை இரட்டிப்பாகாது. 400 கோழியும் அரைவயிறாக நிற்கும். இருந்த முட்டையும் குறையும். உயர்விளைச்சல் இனத்துக்கு இது இன்னும் பொருந்தும். அதன் உடல் பெரிது, தேவையும் பெரிது; வெறும் மேய்ச்சலில் அது நாட்டுக்கோழியைவிடக் குறைவாக இடுவதும் உண்டு. பிறகு ‘அரசு கொடுத்த கோழி உதவாது’ என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிடுகிறது.

வங்கதேசத்தில் 1990களில் பரவிய சிறு கோழி வளர்ப்பு முறையை இங்கே எண்ணிப்பார்க்கலாம். அங்கே சோனாலி என்னும் கலப்பினக் கோழியை அரை மேய்ச்சலில் வளர்த்தார்கள். கிராமப் பெண்களில் ஒருத்தி குஞ்சு பொரிப்பவள், ஒருத்தி குஞ்சு வளர்ப்பவள், ஒருத்தி தடுப்பூசி போடுபவள், ஒருத்தி முட்டை வாங்குபவள் என வேலையைப் பங்கிட்டார்கள். அவர்களுள் தீவனம் விற்பவள் என்று தனியாக ஒருத்தி இருந்தாள் என்பதே நமக்குப் பாடம். மேய்ச்சலுக்கு மேல் வேண்டிய தீனியைச் சிறு அளவில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விற்பது அவள் தொழில். நம் திட்டங்களில் குஞ்சு உண்டு, கூடு உண்டு, மருந்தும் உண்டு. அந்தப் பெண் மட்டும் இல்லை. 1998 முதல் குடும்பஸ்ரீ இயங்கிவரும் மாநிலத்தில் அவளை உருவாக்குவது பெரிய காரியமன்று. பொழியூரில் மீன் காயவைக்கும் குழு, பாறசாலையில் பிண்ணாக்கோடு கலந்து அரைக் கிலோப் பொட்டலமாக்கும் குழு, வார்டுதோறும் விற்கும் பெண். இவர்களுக்கு வேண்டியது சிறு நடைமுறை மூலதனம், ஒரு தராசு, மழைக்காலத்துக்கு மூடியுள்ள தகரப் பீப்பாய்.

இவ்வளவு பாடு எதற்கு, நாமக்கல் முட்டை அமரவிளை வழியாகத் தினமும் லாரியில் வருகிறதே என்பது நியாயமான கேள்வி. வரட்டும், அது மலிவான நல்ல உணவு. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியதிலிருந்து முட்டைத் தொழில் வளர்ந்த வேகம் பெருமைக்குரியது. நாட்டின் முட்டை உற்பத்தி 2023-24இல் 14,277 கோடியை எட்டியது. நபர்வாரி ஆண்டுக்கு 103. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைப்பது 180. இந்த இடைவெளியைப் புறக்கடை மட்டும் நிரப்பிவிடாது. ஆனால் வேறொன்றைக் கவனியுங்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள 85 கோடிக் கோழியினப் பறவைகளில் ஏறத்தாழ 32 கோடி, அதாவது நூற்றுக்கு 37, புறக்கடையில் உள்ளன; முந்தைய கணக்கெடுப்பைவிட இது நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் கூடுதல். பண்ணைப் பறவைகளிலோ பெரும் எண்ணிக்கை முட்டையே இடாத இறைச்சிக்கோழி. அப்படியிருந்தும் 2021-22இல் புறக்கடையிலிருந்து வந்த முட்டை 1,967 கோடிதான். மொத்தம் 12,960 கோடியில் நூற்றுக்கு 15. பறவை பெருகியது, முட்டை அதற்கேற்பப் பெருகவில்லை. ஏற்கெனவே மக்கள் கையில் உள்ள சொத்து பாதித் திறனில் கிடக்கிறது.

அந்தச் சொத்து பெரும்பாலும் பெண்களுடையது. கணவனிடம் கணக்குச் சொல்லாமல் அவள் கையில் புழங்கும் சில்லறை முட்டைக்காசுதான். நாட்டு முட்டையை உயர்ந்த விலைக்கு விற்றுவிட்டுப் பிள்ளைகளுக்கு நாமக்கல் முட்டை வாங்கிக் கொடுக்கும் வீடுகள் இவ்வட்டத்தில் உண்டு. சில அலுவலர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மஞ்சள் கருவின் நிறத்தைத் தவிர இரண்டுக்கும் புரதத்தில் பெரிய வேற்றுமை இல்லை. ஒரு முட்டையை விற்று இரண்டு முட்டை வாங்கத் தெரிந்தவளுக்கு நாம் பொருளாதாரம் கற்பிக்க வேண்டியதில்லை.

கடைசியாக, இங்குள்ள மாணவர்களுக்கு ஒரு வேலை. பாறசாலை ஊராட்சியில் ஒரு வார்டையும் எல்லைக்கு அப்பால் அதே போன்ற ஒரு பகுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 20 வீடு. எல்லாக் கோழிக்கும் புழுமருந்தும் தடுப்பூசியும் போட்டுவிட்டு, பாதி வீடுகளுக்கு மட்டும் மீன்தூளும் பிண்ணாக்கும் சிப்பி நொறுக்கும் கொடுங்கள். மறு பாதிக்கு ஆறு மாதம் கழித்துக் கொடுப்பதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையேல் மனத்தாங்கல் வரும். கணக்குக்கு அச்சிட்ட படிவம் வேண்டாம். அடுக்களைக் கதவின் உட்புறம் சுண்ணக்கட்டியால் முட்டைக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை நீங்கள் சென்று எண்ணி நோட்டில் ஏற்றிக்கொண்டு கதவைத் துடைத்துவிடலாம். ஜனவரியில் தொடங்கினால் நல்லது. அக்டோபர் மழை ஓய்ந்திருக்கும், மீன் நன்றாகக் காயும், ஜூன் மழைக்கு முன் ஐந்து மாதக் கணக்குக் கையில் இருக்கும்.